தனுஷ்கோடிச் சுவர்களுக்கு ஒரு காவல் போடுங்கள்

தனுஷ்கோடியின் சாலைக்கும் கரைக்கும் அங்கே மிச்சமிருக்கிற சுவர்களுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகள் எல்லோருக்கும்,

சாலை ஒருவரிடம், கரை ஒருவரிடம், வண்டி நிறுத்துகிற இடம் இன்னொருவரிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதால் ஒருத்தர் பெயரை மட்டும் போட்டு இதை எழுதவில்லை. எல்லோரும் படிக்க வேண்டும். ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

பங்குனி மாசக் கடைசியில் நானும் என் கணவரும் ராமேஸ்வரம் வந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊரை விட்டுக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. இவருக்கு விருதுநகரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, எனக்கு வீட்டிலேயே தையல். சித்திரை பிறந்துவிட்டால் இவர் கடையில் பழுதான மோட்டார்கள் வந்து குவிந்துவிடும், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் போனால்தான் நிம்மதியாக இரண்டு நாள் இருக்கலாம், நல்ல மீனும் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டு, பையனை என் அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தோம். புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியபோது சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கதவோரம் போய் நின்றோம்.

எங்களை அனுப்பி வைத்ததே அப்பாதான். அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பரில் அவருக்கு ஒன்பது வயசு. தாத்தா அங்கே போர்ட்டர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய், இலங்கையில் இருக்கிற தலைமன்னாருக்குப் போகும் கப்பலில் ஏற்றுவது அவருடைய வேலை. இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயரை அப்பா இன்றைக்கும் வீட்டு ஆட்களின் பெயர் மாதிரிச் சொல்வார். அரையாண்டு லீவுக்கு அப்பாவைத் தங்கச்சிமடத்தில் இருந்த அவருடைய பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவருடைய அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு. அவள் போகவில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். 22-ஆம் தேதி ராத்திரி புயலும் கடலும் சேர்ந்து ஊருக்குள் வந்தபோது தாத்தா, ஆத்தா, அந்த அத்தை மூன்று பேரும் தனுஷ்கோடியில் இருந்தார்கள். யாருமே கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் அத்தைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்லறையும் கிடையாது. அப்பாவுக்கு இருப்பதெல்லாம் அந்தச் சர்ச்சுதான்.

அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே வருகிற ஆயிரக்கணக்கான பேருக்கு யாராவது சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றது, டிரைவர் நீளமாக விசில் கொடுத்துவிட்டு இருட்டில் மெதுவாக வண்டியை எடுத்தார் என்பார்கள். அதில் இருந்த ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. கணக்கில் வந்தது 115 பேர், டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அலை ஏழு மீட்டர் உயரம் எழுந்ததாகச் சொல்கிறார்கள். நம் கரையிலும் இலங்கைக் கரையிலும் சேர்த்து இறந்தவர்கள் 1,800 பேர் வரை. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர் அது. மதராஸ் அரசாங்கம் அது இனி ஆள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது.

காலையில் ஏழு மணிக்கெல்லாம் சாலை முடிகிற அரிச்சல்முனைக்குப் போய்விட்டோம். அந்த இடத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பக்கம் பெண் கடல், சலனமே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் ஆண் கடல், கரையைப் போட்டு அடிக்கிறது. நடுவில் ஒரு துண்டு மணல். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண் கடல் பக்கம் முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றார், நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை, கரண்டு பில், பள்ளிக்கூட ஃபீஸ் எதுவும் அந்த ஒரு மணி நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. 2017-ல் நீங்கள் அந்தச் சாலையைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்களைப் போன்றவர்கள் வேனில் குலுங்கிக்கொண்டு மணலிலும் தண்ணீரிலும்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். சாலை போட்டது நல்ல காரியம். சாலை போட்டால் ஆள் வரும் என்று தெரிந்தும் அந்தச் சுவர்களுக்கு ஒரு காவல் போடாமல் விட்டதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திரும்புகிற வழியில் சர்ச்சுக்குப் போனோம். கூரை இல்லை. சுவர்களும் வளைவும் பீடம் இருந்த இடமும் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கட்டிய சுவர். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சில கல்லில் தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும், சிலதில் மூளை மாதிரி வரி வரியாக ஓடும். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்த கல். விரலால் லேசாகத் தேய்த்தாலே மாவாக வருகிறது. இவ்வளவு மெத்தென்று இருக்கிற அந்தச் சுவரில் ஆள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் ஒரு சாண் இடம் பாக்கியில்லை. பெயர், இன்ஷியல், அம்பு பாய்ந்த இதயம், தேதி, போன் நம்பர், ஒரு இடத்தில் கட்சிச் சின்னம். சாவியால் கீறியது, ஆணியால் குடைந்தது, பெயின்ட்டில் எழுதியது. அடியில் மணலோடு மணலாக வெள்ளைப் பொடி கொட்டிக் கிடந்தது. அத்தனையும் சுவர்.

நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன், இருபது வயசு இருக்கும், பைக் சாவியை எடுத்துக் கீற ஆரம்பித்தான். இவர், "தம்பி, வேண்டாம்பா" என்றார். அவன் கோபப்படவில்லை. "எல்லாரும்தான் எழுதியிருக்காங்க அண்ணே" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அங்கே எழுதக்கூடாது என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை, எழுதலாம் என்று அந்தச் சுவர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவர் அவனிடம் ரயிலைப் பற்றியும் என் அத்தையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அவன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தெரியாதுண்ணே, ஏதோ பழைய கோட்டைன்னு நெனச்சேன்" என்றான்.

அப்புறம் ஒரு போட்டோ ஷூட் வந்து இறங்கியது. கல்யாணம் ஆகப்போகிற ஜோடி, இரண்டு கேமரா, பின்னால் நிற்க ஒரு நாற்காலி, கலர்ப் புகை விடுகிற டப்பா. பீடம் இருந்த மேடையில் ஏற்றி நிற்க வைத்து ரோஸ் கலர் புகையைப் போட்டார்கள். புகை அடங்கிய பிறகு பார்த்தால் சுண்ணாம்புப் பூச்சில் அந்த ரோஸ் அப்படியே ஒட்டியிருக்கிறது. நான் அந்தப் பெண்ணிடம் போய், "அம்மா, இது பீடம், பூசை நடந்த இடம், இந்த ஊரே தண்ணியில போயிருச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அவளைக் கட்டப்போகிற பையனும் இறங்கினான். வெளியே கடல் பக்கம் போய் எடுத்துக்கொண்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜனங்களைத் திருத்தவே முடியாது என்ற பதில் உங்களிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறேன். அன்றைக்கு ஒரே காலையில், எந்த அதிகாரமும் இல்லாத நாங்கள் இரண்டு பேர் சொன்னதற்கே மூன்று பேர் கேட்டார்கள். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். கடலில் இறங்குகிறவர்களை எச்சரிக்க ஆள் இருக்கிறார். சாயங்காலமானால் விசில் ஊதி எல்லோரையும் கிளப்பி ராமேஸ்வரம் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள், அந்த இடத்தில் அது தேவைதான். அதே மாதிரி ஒரு விசில் அந்தச் சுவருக்கும் வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போட்டோக்களை அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது என்று பிறகுதான் தோன்றியது. அவர் உடனே வீடியோவில் வந்தார். அம்மாவிடம் வேறொரு போனை வாங்கி அதில் படத்தைப் பெரிசு பண்ணி வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். தெரிந்தவர்கள் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த இதயத்தையும் தேதியையும் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பீடத்துக்கிட்டயுமாம்மா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "இல்லப்பா, அங்க இல்ல" என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது. இரண்டு நாள் ஊர் சுற்ற வந்த சந்தோஷம் எங்களுக்கு அதோடு முடிந்தது. இந்த மடலை எழுத வைத்ததும் அந்தப் பொய்தான்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். அதே புயலில் அதுவும் சிதைந்தது. ஆறு மாசம் ஆகும் என்று போட்டிருந்த வேலையை, 32 வயசில் இருந்த இ. ஸ்ரீதரன் என்கிற பொறியாளர் பொறுப்பேற்று 46 நாளில் முடித்துக் கொடுத்தார். வேண்டும் என்று நினைத்தால் நம் ஆட்களால் எந்த வேகத்தில் முடியும் என்பதற்கு அந்த வேலையே சாட்சி. நான் ஊரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லவில்லை. நாலு சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அறுபது வருஷம் உப்புக் காற்றையும் மணலையும் தாங்கிக்கொண்டு நின்ற சுவர், சாலை வந்த இந்தக் கொஞ்ச வருஷத்தில் நம் சாவிகளுக்குக் கரைந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடலே வேறு யாருக்காவது கெடுதலாக முடிந்துவிடும். புகார் என்று ஒன்று வந்தால் முதலில் அங்கே சிப்பியும் சங்கும் பாசிமாலையும் விற்கிற தட்டிக் கடைகளைத் தூக்குவதுதான் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்த மணலில் குடிசை போட்டு வாழ்கிற மீனவக் குடும்பங்களின் பெண்கள். வெயிலில் எனக்குத் தலை சுற்றியபோது உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது அப்படி ஒரு அக்காதான். கடைக்குப் பின்னால் மணலைத் தோண்டி ஊற்று வைத்திருக்கிறார். மூன்று நாலு அடி ஆழம்தான், சுற்றிலும் கடல், அதில் ஊறுகிற தண்ணீர் துளி உப்பு இல்லாமல் இனிக்கிறது. குனிந்து கொட்டாங்கச்சியால் கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறார், குடம் நிறைய வெகுநேரம் ஆகிறது. அதிலிருந்துதான் எனக்கும் ஒரு செம்பு கொடுத்தார். அப்பாவின் ஊர் எது, தாத்தாவின் வேலை என்ன என்று விசாரித்துவிட்டு, "ரயில்வே ஆளுங்க வீடெல்லாம் அந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்று கையைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, மணலும் இரண்டு உடைந்த தூணும்தான். ஆனால் எனக்கு அதைக் காட்ட அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை.

அதனால் என் முதல் கோரிக்கை அந்த ஜனங்களை வைத்தே தொடங்குகிறது. சர்ச், ஸ்டேஷன், தபால் ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி என்று மிச்சமிருக்கிற ஒவ்வொன்றுக்கும் காலையிலிருந்து சாயங்கால விசில் வரைக்கும் ஒரு காவலர் வேண்டும், அவர் தனுஷ்கோடியில் வாழ்கிற குடும்பத்திலிருந்து வர வேண்டும், மாசச் சம்பளம் கொடுக்க வேண்டும். தடைக்காலத்தில் வேலையில்லாமல் இருக்கிற ஆண்களும் அங்கே உண்டு, ஊற்றுத் தண்ணீர் மொள்ளுகிற பெண்களும் உண்டு. அவர்களைவிட அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் யார்?

சுவரைச் சுற்றி இரண்டு முழம் தள்ளி இடுப்பு உயரத்துக்குக் கயிறோ கட்டையோ போடுங்கள். உயரமான கம்பி வேலி வேண்டாம், அது அந்த இடத்தையே சிறை மாதிரி ஆக்கிவிடும். கிட்டப் போய்ப் பார்க்கலாம், கை எட்டக்கூடாது, அது போதும்.

எழுத்துகளை மறைக்க வேண்டும் என்று அவசரப்பட்டு சிமென்ட்டைப் பூசிவிடாதீர்கள், பெயின்ட்டும் அடித்துவிடாதீர்கள். நான் தையல்காரி, எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். நைந்த வேட்டியில் முரட்டுப் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் ஒட்டு கிழியாது, ஒட்டைச் சுற்றி வேட்டிதான் கிழியும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட்டும் அப்படித்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும், பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற நிபுணர்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, எதை எடுக்கலாம் எதை விட்டுவிடலாம் என்று கேட்டுச் செய்யுங்கள்.

ஒவ்வொரு இடிபாட்டின் பக்கத்திலும், நிழலில் நின்று படிக்கிற மாதிரி ஒரு பலகை வையுங்கள். முதலில் தமிழில், கீழே இந்தியிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், ஏனென்றால் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். இது என்ன கட்டடம், யார் வந்து போனார்கள், 1964 டிசம்பர் 22 ராத்திரி இங்கே என்ன ஆயிற்று, இது ஏன் தொடக்கூடாது என்று நாலு வரி. அந்த நாலு வரியை ஆபீஸில் உட்கார்ந்து எழுத வேண்டாம். அன்றைக்கு ஒன்பது பத்து வயசில் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள், தள்ளிப்போட இனி நாள் இல்லை. இறந்துபோனவர்களின் பெயர்களை அந்தக் குடும்பங்களிடம் கேட்டு வாங்குங்கள். சர்ச் சுவரில் யார் யாரோ பெயர் இருக்கும்போது என் அத்தையின் பெயர் ஒரு கல்லிலாவது இருக்க வேண்டும்.

இடிபாடுகளுக்குள் கலர்ப் புகை, நாற்காலி, மேடை எதையும் அனுமதிக்காதீர்கள். போட்டோ எடுக்கட்டும், நின்று எடுத்துக்கொண்டு போகட்டும். பீடத்தின் மேல் யாரும் ஏறக் கூடாது.

கழிப்பறை, நிழல், குடிதண்ணீர் மூன்றும் சாலையோரமாக, சுவர்களிலிருந்து தள்ளி வேண்டும். ஒதுங்க இடம் கிடைக்காது என்று பயந்து அன்றைக்குக் காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை, தலை சுற்றியது அதனால்தான். ஏப்ரல் தொடக்கத்திலேயே அந்த வெயில் என்றால் மே மாசத்தில் கைக்குழந்தையோடு வருகிறவள் என்ன செய்வாள்? சுவர் மறைவில் ஒதுங்குகிறவர்களையும் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

டிசம்பர் 22 அன்று சாயங்காலம் மட்டும் சுற்றுலா வண்டிகளை நிறுத்திவிட்டு, ஆட்களை இழந்த குடும்பங்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றவும், விளக்கு வைக்கவும், துவா செய்யவும் பாதுகாப்போடு நேரம் கொடுங்கள். வானிலை சரியில்லாத வருஷம் வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கோரிக்கைகளில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று தமிழில் எழுத்து மூலமாக எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு பதில் கொடுங்கள். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் பதில் வர வேண்டும் என்று கேட்கிறேன்.

வருகிற டிசம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறோம். முழங்கால் வலி இருக்கிறது, இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்தால் நேராகப் பீடத்துக்கிட்டதான் போவார். மற்றதெல்லாம் ஆவதற்கு நாளாகும் என்றால், அந்தப் பீடத்துச் சுவரை மட்டுமாவது அவர் வருவதற்குள் முறையாகச் சுத்தம் செய்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

தனுஷ்கோடிப் போர்ட்டர் ஒருவரின் பேத்தி,
விருதுநகர்